பின்சக்கரத்துச் சத்தம்

சரிசெய்து அனுப்பிய வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்தால் எனக்குப் பிடிக்காது. எந்த மெக்கானிக்குக்குத்தான் பிடிக்கும்? கண்ணாடிக்கடைக்காரரின் பழைய கார் மூன்றாவது தடவையாகப் பட்டறை வாசலில் வந்து நின்றபோது, கையிலிருந்த ஸ்பேனரை அவருக்குக் கேட்கட்டும் என்றே தகரத் தட்டில் போட்டேன். இந்தப் பட்டறைக்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவுக்கே தெரியும்.

"என்ன சார், மறுபடியுமா?"

"மறுபடியும்தாம்மா," என்றார், ஏதோ அவரே கத்திவிட்டதைப் போல வெட்கப்பட்டுக்கொண்டு. "கொஞ்ச தூரம் ஓடினதுக்கு அப்புறம் ஆரம்பிக்குது. பிரேக்ல கால் வச்சா பின்னாடியிருந்து கீச்சுனு ஒரு கத்தல். ரோட்ல போறவங்க எல்லாம் திரும்பிப் பாக்குறாங்க."

இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அறுபதைத் தாண்டிவிட்டார். அடுத்தவர் காதில் கண்ணாடியை மாட்டிவிடும்போதே வலிக்கிறதா என்று கேட்கிற ஆள். அவரிடம் கோபப்படுவதும் பூனைக்குட்டியை மிரட்டுவதும் ஒன்றுதான். ஆனாலும் கோபப்பட்டேன்.

முதல் தடவை தூசி என்று நினைத்துத் துடைத்து, தேய்த்துக் கொடுத்தேன். இரண்டாம் தடவை பின்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தபோது, சக்கரத்தை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துகிற பிரேக் ஷூ கருகிக் கண்ணாடி போல வழுவழுத்துக் கிடந்தது. அது உரசுகிற டிரம்மின் உள்பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஒரு பக்கம் மட்டும் வெந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் கோளாறு. இரண்டும் சேர்ந்து வெந்திருந்தால், இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கிற ஹேண்ட்பிரேக்தான். ஒன்று, கேபிள் இறுகிப்போயிருக்க வேண்டும். அல்லது அதை இறக்காமலே வண்டி ஓட்டியிருக்க வேண்டும். புதுக் கேபிள், புது ஷூ எல்லாம் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம், வாய் சும்மா இருந்தால்தானே.

"ஹேண்ட்பிரேக்கை இறக்காமலே ஓட்டுறீங்க சார். வயசானா மறதி வரத்தானே செய்யும்," என்று அவர் மனைவியை வைத்துக்கொண்டே சொன்னேன்.

"இல்லம்மா, நான் பாத்துப் பாத்துத்தான்..." என்று ஆரம்பித்தவர், சாட்சிக்கு மனைவியைப் பார்த்தார். அந்த அக்கா காருக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். "சரிம்மா, இனிமே கவனமா இருக்கேன்," என்று அவரே பழியை ஏற்றுக்கொண்டார். ஹேண்ட்பிரேக் தூக்கியிருந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு அந்த வண்டியில் என்றைக்கோ செத்துவிட்டது. மாற்ற அந்தக் காலத்துச் சாமான் கிடைக்கவில்லை. அது மட்டும் எரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் பாத்துப் பாத்து என்று சொன்னது சும்மா இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் அவர் ஓட்டிய கார் ஒரு வளைவில் வழுக்கிச் சுவரில் மோதியது. பக்கத்து சீட்டில் இருந்த அவர்களுடைய ஒரே பையன் போய்விட்டான். இவருக்கு மணிக்கட்டு மட்டும் முறிந்தது. அந்தக் காரை உடைக்கப் போட்டுவிட்டு, புதுசு வாங்க மனசு வராமல் இந்தக் கிழட்டு வண்டியை வாங்கினார். ஒருநாள் பட்டறை பெஞ்சில் காத்திருந்தபோது அவரே சொன்னார்:

"எல்லாரும் என்னைத்தாம்மா பாத்தாங்க. என்னைப் பெத்தவங்க உள்பட. இவ ஒருத்திதான் ஆஸ்பத்திரியில அத்தனை பேர் முன்னாடியும், அவர் மேல தப்பில்ல, யாரும் அவரை ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு சொன்னா. அந்த ஒரு வார்த்தையிலதான் என் உசிரு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு."

மூன்றாம் தடவைக்கு வருகிறேன். காலை முழுக்க நானே ஓட்டிப் பார்த்தேன். மேடு ஏறினேன், இறங்கினேன், திடீரென்று பிரேக் அடித்தேன். சத்தமே இல்லை. எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"நான் தனியாப் போனாலும் வராதும்மா," என்று சிரித்தார். "வீட்டுக்காரி ஏறினாத்தான் வருது. இவளைக் கண்டாலே வண்டிக்குக்கூட பயம்."

நான் அதைப் பாரக்கணக்காக எடுத்துக்கொண்டேன். அந்த அக்காவின் எடைக்கு மணல்மூட்டை கட்டிப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டும் போட்டு ஊரைச் சுற்றினேன். டீக்கடைக்காரன், யார் இந்தப் புது விருந்தாளி என்று கேட்டான். மூட்டை சத்தம் போடாமல் வந்தது, வண்டியும்தான். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் எப்போதும் போல அக்காவின் தங்கை வீட்டுக்குக் கிளம்புங்கள், நான் பின்சீட்டில் வருகிறேன் என்றேன்.

பின்சீட்டில் உட்கார்ந்து சக்கரத்துப் பக்கம் காதைக் கொடுத்தபடி குனிந்து வந்தேன். ஊரைத் தாண்டி அகலமான சாலை வந்ததும் அவர் கொஞ்சம் வேகம் எடுத்தார். கொஞ்சம்தான். சைக்கிள்காரன் முந்தாமல் இருந்தால் சரி என்கிற வேகம். அப்போதுதான் முன்சீட்டுகளுக்கு நடுவே பார்த்தேன். அந்த அக்காவின் கைப்பை மடியிலிருந்து சரிந்து ஹேண்ட்பிரேக்கின் மேல் கிடந்தது. வேகமுள் ஏற ஏறக் கைப்பை மெல்ல மேலே எழுந்தது. முள் இறங்கினால் அதுவும் இறங்கியது. பைக்கு அடியில் அந்த அக்காவின் கை இருந்தது. கட்டைவிரல் ஹேண்ட்பிரேக்கின் நுனிப் பொத்தானை அழுத்தியிருந்ததால் ஒரு டிக் சத்தம்கூட இல்லை. முகம் மட்டும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிக்னலில் வண்டி கீச்சென்று கத்தி நின்றது.

"கேட்டீங்களா, கேட்டீங்களா?" அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "கிளம்பும்போது ஹேண்ட்பிரேக்கை இறக்கினேனே, நீங்களே பாத்தீங்கல்ல?"

"பாத்தேன் சார்," என்றேன்.

சூட்டில் வாடிவிட்டேன் என்று நினைத்து, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று ஒரு கடையோரம் நிறுத்தி இறங்கினார். அந்த அக்கா திரும்பாமலே பேசினார்.

"பாத்துட்டே."

"பாத்துட்டேங்க்கா."

"அவருக்குத் தெரியாது."

"தெரிய வேண்டாம்னா விட்டுடுங்களேன்க்கா."

"விட முடியலம்மா. வேகம் ஏறினா கை அதுவாப் போயிடுது. பிடிச்சுக்கலேன்னா அவர் பக்கத்துல என்னால உக்காரவே முடியாது." கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லலேன்னா அவரும் போய்ச் சேந்திருப்பாரு. அதான் சொன்னேன். சொல்லிட்டா என்னைக்காவது நெஜமாயிடும்னு இருந்தேன். ஆகல."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அவர் மூன்று தண்ணீர் பாட்டிலோடு வந்தார். மனைவியின் பாட்டில் மூடியை மட்டும் தானே திறந்து கொடுத்தார். நான் என் பாட்டிலைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். பட்டறைக்கு வந்ததும், கேபிளைப் பிடிக்கிற கிளிப் ஒன்று வளைந்திருக்கிறது, அதுதான் சத்தம் என்றேன். ஹேண்ட்பிரேக் கேபிளை நன்றாகத் தளர்த்திவிட்டேன். இனி அந்த அக்கா பாதிவரை தூக்கினாலும் ஷூ டிரம்மைத் தொடாது. கையும் திருப்திப்படும், வண்டியும் கத்தாது. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"மறதின்னு சொன்னது என் தப்பு சார். உங்க மேல ஒண்ணும் இல்ல," என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. காருக்குள் இருந்த மனைவியிடம் குனிந்து, "கேட்டியா? என் மேல தப்பில்லையாம்," என்றார்.

"கேட்டேன்," என்றார் அந்த அக்கா.

சில வாரம் கழித்து அவர் தனியாக வந்தார். முகச்சவரம் செய்திருக்கவில்லை.

"சத்தம் சுத்தமா நின்னுடுச்சும்மா. ஆனா இவ வண்டியில ஏற மாட்டேங்குறா. நீங்க சரிபண்ணிக் குடுத்ததுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை பாதி வழியில நிறுத்தச் சொல்லி இறங்கிட்டா. அதுலேருந்து நான் வண்டியில போறேன், அவ பஸ்ல வர்றா. கேட்டா ஒண்ணுமில்லங்கிறா." கொஞ்சம் தயங்கினார். "நீங்க என்ன செஞ்சீங்களோ தெரியாது. சத்தம் வந்தா வரட்டும். முன்ன இருந்த மாதிரியே ஆக்கிக் குடுங்க."

அது எனக்குத் தோன்றாமல் போயிற்றே. இழுத்தால் பிடிக்கிறதா இல்லையா என்று அந்தக் கைக்குத் தெரியாதா? எத்தனையோ தடவை இழுத்துப் பழகிய கை. வண்டிக்குள் ஏறி, ஹேண்ட்பிரேக்கின் அடிமூடியைக் கழற்றி, கேபிள் நட்டில் ஸ்பேனரை வைத்தேன். எதிர்க்கதவு வழியாக அவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை அனுப்பிவிட்டுச் செய்திருக்க வேண்டும்.

"அது ஹேண்ட்பிரேக்தானே?"

"ஆமா சார்."

"அதைத் தளர்த்தினதாலதான் சத்தம் நின்னுச்சா?"

ஸ்பேனர் கையில் அப்படியே நின்றது.

"நான் ஓட்டும்போது ஒருநாளும் அதைத் தொட்டதில்லையேம்மா," என்றார். என்னிடம் சொன்னது போல இல்லை. பிறகு மெதுவாக ஓட்டுநர் சீட்டில் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக மனைவி உட்காருகிற சீட்டில்தான் நான் முழங்காலிட்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எந்தச் சீட்டிலிருந்து கை நீட்டினால் எட்டும் என்று அளப்பது போல ஹேண்ட்பிரேக்கையே பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையுமா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தேன்.

அன்றைக்கு முறிந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. தெருவில் யாரோ ஹார்ன் அடித்தார்கள். நான் ஒரு சுற்று இறுக்கி, லீவரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "போதும் சார், பழைய அளவுக்கு வந்துடுச்சு," என்றேன்.

அவர் கையை நீட்டி லீவரை ஒருமுறை தூக்கினார். இறக்கினார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்கம்மா," என்றார். "அவளுக்குத் தோள்வலி. லேசாத் தூக்கினாலே பிடிக்கணும்."