கேட்கப்படாதவர்கள்

ஆறாவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது அதன் கால் கதவு நிலையில் இடித்துக்கொண்டது. அப்பா படுக்கையிலிருந்தபடியே, "மெதுவா பாப்பா. உட்கார்ந்திருக்கறவங்களுக்கு இடைஞ்சலா இருக்கும்" என்றார்.

உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் இல்லை. ஐந்து நாற்காலிகளும் கட்டிலைப் பார்த்தபடி காலியாகக் கிடந்தன. மகள் ஆறாவதையும் வரிசையில் போட்டாள். இன்றைய பொழுது தாண்டாது என்று காலையிலேயே செவிலி கூடத்துக்கு அழைத்துச் சொல்லியிருந்தாள். கேட்பதைச் செய்துவிடுங்கள், எதிர்வாதம் பண்ணாதீர்கள் என்றும் சொன்னாள். ஐம்பது வயதாகியும் அப்பாவோடு எதிர்வாதம் பண்ண அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அப்பா நீரியல் நிபுணர். மூன்று நாடுகள் வழியே ஓடும் ஒரு நதியைப் பங்கிடும் குழுவில் முப்பது வருஷம் இருந்தவர். எட்டுப் பேர். எட்டுப் பேரும் படித்தவர்கள், ஒருவரையும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அதில்தான் அவருக்குப் பெருமை. ஓட்டுக் கேட்டு வருகிறவனுக்கு அடுத்த தேர்தல்தான் கண்ணில் தெரியும், நாங்கள் அடுத்த நூறு வருஷத்தைப் பார்க்கிறோம் என்பார். ஓய்வுபெற்றதும் அந்த எண்ணத்தின் வரலாற்றையே எழுத உட்கார்ந்துவிட்டார். அறிந்தவர்களே ஆளவேண்டும் என்ற பழைய ஆசை எங்கே முளைத்தது, தந்திக்கும் தபாலுக்கும் கொள்ளைநோய்க்கும் நாடுகள் சேர்ந்து குழு அமைத்தது எப்படி, போர்களில் நொந்துபோன ஒரு தலைமுறை மந்திரிகளை ஒதுக்கிவிட்டுப் பொறியாளர்களையும் மருத்துவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் சண்டையே வராது என்று நம்பியது ஏன் என்றெல்லாம் நானூறு பக்கம். பள்ளி நூலகத்தைப் பூட்டிவிட்டு வந்து மாலை மாலையாகத் தட்டச்சு செய்தவள் மகள்தான். கடைசி அத்தியாயம் மட்டும் இரண்டு வருஷமாக நகரவில்லை. அதில் தலைப்பைத் தவிர ஒரு வரி கிடையாது.

"பதினோராவது அத்தியாயத்தை எடு. இவங்களுக்குப் படிச்சுக் காட்டு" என்றார் அப்பா.

யாருக்கு என்று கேட்டாள்.

"எங்க குழு கட்டச் சொன்ன அணைக்குள்ள முழுகிப் போச்சே, அந்த ஊர்க்காரங்க. நாப்பத்தொரு ஊர். ஊருக்கு ஒருத்தர்னு சொல்லி அனுப்பினேன். ஆறு பேர்தான் வந்திருக்காங்க."

குரலில் காய்ச்சல் பிதற்றல் இல்லை. வரவு குறைந்த கூட்டத்தைப் பற்றிச் சலித்துக்கொள்ளும் பழைய தொனிதான். அவள் காகிதங்களை எடுத்துக்கொண்டு கட்டிலோரம் நின்றாள்.

பாதிக்கப்படுகிறவர்களைக் கூட்டத்துக்கு அழைப்பதில்லை என்று குழு வைத்துக்கொண்ட விதியைப் பற்றிய அத்தியாயம் அது. துயரம் கணக்கைக் குழப்பும் என்பது காரணம். அப்பாவே முன்மொழிந்த விதி. அதைத் தட்டச்சு செய்த நாளில் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. இப்போது நாலு வரி படித்ததும் என்னவோ தப்பாகப்பட்டது. படிப்பதை நிறுத்திக் காதுகொடுத்தாள். மறுபடி படித்தாள்.

மரத்தளம் போட்ட, உயரமான கூரையுள்ள அறை. சின்ன வயதிலிருந்தே அதில் எதைப் பேசினாலும் எதிரொலிக்கும். இப்போது எதிரொலிக்கவில்லை. ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்த கூடத்தில் பேசினால் குரல் துணிகளில் போய் அமுங்குமே, அப்படி அமுங்கியது.

நாற்காலிகளின் பக்கம் கண்ணைத் திருப்பாமல் கடைசி வரிவரை படித்து முடித்தாள்.

அப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தார். "ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க" என்றார். அந்த வாக்கியத்தை அவர் யாரிடமும் சொல்லி அவள் கேட்டதில்லை.

வெகுநேரம் கழித்து, ஓரத்து நாற்காலியின் பிரம்பு கிறீச்சிட்டது. பிறகு அடுத்ததும். வெயிலுக்குப் பிரம்பு அப்படித்தான் முறுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"போயிட்டாங்க. ஒண்ணும் சொல்லலை" என்றார் அப்பா. கண்ணோரம் ஈரமாக இருந்தது.

அவளுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மாவின் வயிற்றுக் கட்டிக்கு அறுவைதான் வழி என்று ஐந்து மருத்துவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். அடுத்த அறையில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனைக்குப் போகிற வழியில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று மகளிடம் மட்டும் சொன்னாள். திரும்பி வரவில்லை. எடுத்த முடிவில் தவறில்லை என்று அப்பா பின்னால் புள்ளிவிவரத்தோடு விளக்கினார். தவறு இல்லாமலும் இருக்கலாம்.

"அம்மா வந்திருந்தாங்களாப்பா?" என்று கேட்டாள். குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

அவர் அவளையே பார்த்தார். "அவளை நான் கூப்பிடலையே."

செவிலி மருந்துத் தட்டோடு வாசலில் வந்து நின்றாள். மகள் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"கூப்பிடலாமா பாப்பா? வருவாளா?"

"எனக்குத் தெரியாதுப்பா. நீங்களே கேளுங்க."

அப்பா கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினார். வீட்டில் மட்டும் அம்மாவுக்கு வழங்கிய செல்லப்பெயரைச் சொன்னார். அதற்குப் பின், "உனக்கு எப்படித் தோணுது?" என்றார்.

பதிலுக்காகக் காத்திருந்தார். யாராவது பேசும்போது புருவத்தைச் சற்றே உயர்த்திக் கேட்பாரே, அந்த முகம். செவிலி வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, கையை மெல்லப் படுக்கையில் வைத்த பிறகும் அந்த முகம் மாறவில்லை.

மருத்துவர் வந்து சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். நதிக்குழு அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அனுதாபம் சொன்னார்கள். புத்தகம் முடிந்துவிட்டதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். முடியவில்லை என்றாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு அப்பாவை ஏற்றிப்போக வண்டி வந்தது. அவள் முன்னால், ஓட்டுநரின் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அதிகம் பேசாத, நரைத்த மீசைக்காரர். தெருவில் ஈ காக்கை இல்லை. கடைகள் பாதிக் கதவை இறக்கியிருந்தன. தார்ச்சாலை வெயிலில் பளபளத்தது.

முனை திரும்பியதும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். பிறகு நிறுத்தியேவிட்டார். ஒலிப்பானை அழுத்தவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங் வளையத்தின் மேல் வைத்துக்கொண்டு, இடப்பக்கமிருந்து வலப்பக்கமாகப் பார்வையை மெதுவாக நகர்த்தினார். மறுபடி இடப்பக்கம் பார்த்தார்.

அவளும் கண்ணாடி வழியே பார்த்தாள். வெயில் மட்டும்தான் இருந்தது.

வெகுநேரம் போயிற்று. ஓட்டுநர் ஊர்ப் பெரியவர்களுக்கு வழிவிட்ட பிறகு செய்வதுபோல லேசாகத் தலையசைத்துவிட்டு, கியரைப் போட்டார்.