மூன்று புடைப்புகள்

விடிவதற்குள் அண்ணி இரண்டு மூட்டை மணலைச் சலித்துவிட்டாள். கண்ணாடிப் பட்டறையில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். தூசியை வெளியே இழுக்கும் விசிறி நின்று ஒரு வருஷம். எழுந்த தூசிக்குப் போக்கிடம் மனிதர்களின் நெஞ்சுதான்.

இதே உலை முன்னால்தான் அவள் புருஷன் கடைசியாகக் கண்ணாடி ஊதினான். பெரிய குடம். ஊதும்போது மூன்று தடவை இருமினான்; யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இளகிய கண்ணாடி மூன்று இடத்தில் புடைத்துக்கொண்டது. ஊதுகுழலிலிருந்து அறுத்தபோது குடத்தின் வாய் மூடிக்கொண்டது; அப்புறம் உடைத்துப் போடலாமென்று ஓரமாக வைத்தான். பத்தாம் நாள் அவன் இல்லை.

குடம் நகரக் கலைக்கூடத்துக்குப் போனது, முதலாளியின் பெயரில். ஒரு பலூன்கூட ஊதியறியாத மனிதர். பாராட்டு விழாவில் கண்ணீரை மட்டும் சொந்தமாக விட்டார். ‘பிரபஞ்சத்தின் மூன்று பெருமூச்சுகள்’ என்று பலகை வைத்தார்கள்.

அண்ணி ஒருமுறை போய்ப் பார்த்தாள்.

“தொடாதீங்கம்மா” என்றான் காவலாளி.

“தொடலப்பா. உள்ள இருக்கிறது எங்க வீட்டுக்காரர் மூச்சு.”

அதற்குப் பிறகு அவன் அந்த அறைக்குத் தனியாகப் போவதில்லை என்று கேள்வி.

இன்று முதலாளி விடியற்காலையிலேயே வந்துவிட்டார். “கலைக்கூடத்துல ஜோடி கேக்கிறாங்க. அதே மூணு புடைப்போட வேணும்.”

குழலைச் சுழற்றிக்கொண்டிருந்த நெட்டையன் சொன்னான்: “அதுக்கு இருமணும், முதலாளி.”

“இருமேன்! அதுல என்ன கஷ்டம்?”

“அவரோட இருமல் பரம்பரை வியாதின்னுதானே எழுதிக் கொடுத்தீங்க?” என்றாள் அண்ணி. “தூசின்னு ஒத்துக்கிட்டா விசிறி மாட்டணுமே.”

“அது நிர்வாகம்மா. இது கலை.”

நெட்டையன் ஊதினான். கண்ணாடிப் பாகு பெருத்துக் குடமானது. திடீரென்று அவன் தோள் குலுங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. அதே மூன்று இடங்களில் கண்ணாடி புடைத்தது.

“அற்புதம்!” முதலாளி கைதட்டினார்.

நெட்டையன் முகம் வெளுத்திருந்தது. “நான் வேணும்னு இருமல, அண்ணி.”

அண்ணி சல்லடையைக் கீழே வைத்தாள். அவன் கையிலிருந்த குழலை வாங்கிக் குடத்தோடு தண்ணீர்த் தொட்டியில் இறக்கினாள். குடம் அலறி நொறுங்கியது.

“விசிறி ஓடட்டும். அப்புறம் ஊதுவோம்.”

வேலை முடிந்தால் மட்டும் தொட்டிக்குப் போகும் குழல்கள், மற்ற நாலு பேருடையதும், விடிந்தும் விடியாமலும் ஒவ்வொன்றாக இறங்கின. நெட்டையனுடையதோடு ஐந்து குழல்கள், ஐந்து சீறல்கள்.

“நாளைக்கே வேற ஆள் வரும்!” என்று கத்தினார் முதலாளி.

“வரட்டும் முதலாளி. அவனும் மூச்சு விடறவன்தானே? விசிறி ஓடலன்னு வாசல்லயே சொல்லிடறோம்” என்றாள் அண்ணி.

உலை யாருக்கும் இல்லாமல் எரிந்தது. வாசலில் மணல் மூட்டைகள்மேல் ஆறு பேர் உட்கார்ந்தார்கள். யாரோ இருமினார்கள்.

இந்தத் தடவை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.