தேன்கூடு இல்லாத குழாய்

முதல் குத்து காதோரம் விழுந்தது. இரண்டாவது வாயில்.

யாரை அடிக்கிறோம் என்பதில் டாக்சிக்காரருக்குக் குழப்பமே இல்லை. தங்கையைக் கட்டியவன், மெக்கானிக், வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த இன்ஜினைத் தானே பொறுக்கியெடுத்து, "கண்ண மூடிட்டு ஓட்டுங்க மச்சான்" என்று மாட்டிக் கொடுத்தவன். அந்த இன்ஜின்தான் இப்போது புகைச் சோதனையில் இரண்டாம் முறையாகத் தோற்றிருந்தது. இன்னொரு முறை தோற்றால் நம்பர் பலகையைப் பிடுங்கிக்கொண்டு வண்டியை நசுக்க அனுப்பிவிடுவார்கள். வண்டி போனால் பிழைப்பே போச்சு. மனிதருக்கு ஸ்டியரிங் பிடிப்பதையும் வாய் பேசுவதையும் விட்டால் வேறொன்றும் தெரியாது.

"எங்கயோ குப்பையில கெடந்ததக் கொண்டாந்து என் தலையில கட்டிட்டியேடா."

"இன்ஜின் மேல தப்பில்ல மச்சான். குழாயக் கழட்டிப் பாக்க விடுங்க."

"குழாயில கை வச்ச, கை இருக்காது."

மெக்கானிக் ரத்தத்தைத் துப்பிவிட்டு வண்டிக்கடியில் கையை நீட்டினான். ஜாக்கி லிவர் எப்படித் தன் கைக்கு வந்தது என்று டாக்சிக்காரருக்கே தெரியாது. ஓங்கி ஒரே போடு. மணிக்கட்டு முறிந்த சத்தம் சோதனைக்கு வரிசையில் நின்ற வண்டிக்காரர்களுக்கெல்லாம் கேட்டது. மெக்கானிக் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து, தொங்கிய கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். அவன் கத்தாததில் இவருக்கு இன்னும் வெறி ஏறியது. விலாவில் இரண்டு உதை விட்டார்.

சோதனை செய்யும் அம்மா கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். "மிருகமாய்யா நீ? தள்ளு." அந்த அம்மாவே குனிந்து புகைக்குழாயை ஸ்பேனரால் தட்டினார். காலி டப்பாவைத் தட்டியது போல டங்கென்றது.

"இன்ஜின் நல்ல இன்ஜின். நம்ம சட்டத்துக்குத் தோதானதுதான். ஆனா எந்த இன்ஜினா இருந்தாலும் புகைய வடிகட்ட குழாய்க்குள்ள தேன்கூடு இருக்கணும். இதுல யாரோ கம்பிய விட்டு இடிச்சுக் கொட்டியிருக்காங்க. புதுசு ஒண்ணு மாட்டிட்டு வாங்க, கண்டிப்பா தேறிடும்."

இடித்தது டாக்சிக்காரர்தான். பழைய இன்ஜின் இழுக்காமல் திணறியபோது, குழாய் அடைத்து வண்டிக்கு மூச்சு முட்டுகிறது என்று எவனோ சொல்ல, தன் கையாலேயே கம்பியை விட்டு இடித்தார். புது இன்ஜினை ஏற்றும்போது, "உள்ள தேன்கூடு பத்திரமா இருக்குல்ல மச்சான்?" என்று மெக்கானிக் கேட்கவும் செய்தான். இவனிடம் போய் அசடு வழிவதா என்று, "என் வண்டியப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று வாயை அடைத்துவிட்டார். பெண்டாட்டியின் அண்ணன் சொன்னதை அவன் நம்பினான்.

"மாப்ள," என்றார். வெட்கம் தாங்காமல் லிவரைக் கீழே போட்டார்.

மெக்கானிக் இடது கையால் அதை எடுத்தான். தன் மண்டைக்குத்தான் வருகிறது என்று டாக்சிக்காரர் கண்ணை இறுக்கிக்கொண்டார். அடி வேறெங்கோ விழுந்தது. கண்ணைத் திறந்தபோது, திறந்து கிடந்த பானெட்டுக்குள் அவன் மாறிமாறிப் போட்டுக்கொண்டிருந்தான். அலுமினியம் பிளந்தது, குழாய்கள் தெறித்தன, சூடான எண்ணெய் அவன் முகத்திலேயே பீய்ச்சியடித்தது. அவன் மாட்டிய இன்ஜின். எதை உடைத்தால் எழவே எழாது என்று அவனுக்குத் தெரியாதா. டாக்சிக்காரர் தடுக்கப் போகவில்லை.

கை ஓய்ந்ததும் லிவரை அவர் காலடியில் எறிந்தான்.

"இனிமே பொகையே வராது மச்சான். தள்ளிட்டுப் போய் சோதனையில காட்டுங்க."