மிச்சமிருந்த படகு

படகு வாங்கப் போனவர்கள் படகைப் பற்றித்தானே பேச வேண்டும்? ஓரினும் அவன் மனைவி ஆர்டிஸும் காலையிலிருந்து பேசியது முழுக்க டெல்மரைப் பற்றித்தான். அவன் பெயரை மட்டும் இருவரும் வாயில் எடுக்கவில்லை.

டெல்மர் ஓரினின் கூடப்பிறந்த தம்பி. இரண்டு பேருக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணத்தைக் கேட்டால் வெளியூர்க்காரன் சிரிப்பான். அவர்கள் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டில் கடைசியாகக் கிடந்த எலுமிச்சை கேக் துண்டை டெல்மர் முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அமெரிக்காவில், மினசோட்டாவின் அந்தப் பக்கத்தில் கடைசித் துண்டை எவனும் எடுக்க மாட்டான். பாதியாக நறுக்கி எடுப்பான். அடுத்தவன் அந்தப் பாதியில் பாதி. கடைசியில் கடுகு மாதிரி ஒன்று மிஞ்சி, காய்ந்து, குப்பைக்குப் போகும். அதுதான் மரியாதை. "கடைசியை எடுக்கிறவன்லாம் ஒரு மனுஷனா?" என்று ஓரின் அன்றைக்கு ஆரம்பித்தவன், ஊரில் ஒரு காது விடாமல் சொல்லித் தீர்த்துவிட்டான்.

ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருந்தார்கள். மாட்டிக்கொண்டவள் ஆர்டிஸ். டெல்மரின் மனைவி லவான் அவளுக்கு ஓரகத்தி மட்டுமல்ல, உயிர்த்தோழியும். இரண்டு பேரும் பதினோரு வருஷமாக, திருட்டுக் காதலர்கள் மாதிரி, மளிகைக்கடையில் சோப்புத்தூள் அடுக்கியிருக்கும் சந்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் லவான் அந்தச் சந்தில் வைத்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "வீட்ட வித்துட்டு அரிசோனா போயிடலாம்கறாரு, ஆர்டிஸ். இங்க நமக்கு யாரு இருக்காங்கறாரு." ஆர்டிஸ் வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அழுதாள்.

அதனால்தான் பெரிய படகு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பெரியதில் பன்னிரண்டு பேர் உட்காரலாம். இடமிருந்தால் இன்றில்லாவிட்டாலும் நாளைக்கு அவர்களைக் கூப்பிட ஒரு சாக்கு கிடைக்கும்.

வெண்டலின் படகுக்கடை ஏரிக்கரையிலேயே இருந்தது. ஏரியில் பனிக்கட்டி உருகி ஒரு வாரம்தான், அதற்குள் கடை முற்றம் துடைத்துவிட்ட மாதிரி காலி. மிஞ்சியவை இரண்டே பான்டூன் படகுகள். இரண்டு நீளமான அலுமினிய மிதவை, மேலே தட்டையாகப் பலகை, சுற்றிக் கம்பி, நடுவில் சோபா. வீட்டுக் கூடத்தைப் பெயர்த்துத் தண்ணீரில் விட்ட மாதிரி இருக்கும். ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

ஓரின் நேராகச் சின்னதில் ஏறி உட்கார்ந்துகொண்டான். "எட்டு சீட்டு. நாம ரெண்டு பேர், பையன், பொண்ணு, மருமக, மருமகன், பேரப்பசங்க ரெண்டு. எண்ணிப் பாரு, கணக்கா எட்டு. இதுக்கு மேல ஒரு ஈ வந்தாக்கூட இடமில்ல."

"பசங்க மினியாபொலிஸ்ல இருந்து வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்தாப் பெருசு. பெரியதுன்னா யாராவது வந்தா உட்காரலாம்."

"யாரு வருவா?"

"யாராவது."

"அந்த யாராவதுக்கு இடம் கிடையாது."

பாவி மனுஷன், சிரித்துக்கொண்டே சொல்கிறான்!

வெண்டல் காபி கொண்டுவந்தான். வியாபாரி என்றுதான் பெயர், யாரையும் எதையும் வாங்கச் சொல்ல அவனுக்கு வாய் வராது. "அவசரமில்ல, யோசிங்க" என்றான். உடனே முடிவு சொன்னால் பேராசைக்காரன் என்று ஆகிவிடும் என்பதால் ஓரினும் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மீன் எங்கே கடிக்கிறது, சாலை எங்கே உடைந்திருக்கிறது என்று பேச ஆரம்பித்தான்.

அந்த நேரம் பார்த்து பக்கத்து மாநிலத்து அயோவாக்காரன் ஒருத்தன் வண்டியை நிறுத்தி இறங்கினான். பெரிய படகைக் காட்டி, "இது விலைக்கா?" என்றான். விலைக்குத்தான். காபி ஆறுவதற்குள் படகை வண்டியில் மாட்டி இழுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

"அயோவாக்காரன் வேற எப்படி இருப்பான்" என்றான் ஓரின், முகமெல்லாம் பல்லாக. "சரி விடு, ஆர்டிஸ். இப்ப சண்டையே இல்ல பாரு. சின்னதுதான் இருக்கு."

ஆர்டிஸுக்குக் கண்ணில் நீர் முட்டியது. எல்லாம் போச்சு, லவானும் போச்சு என்று நினைத்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள், வெண்டலின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஓரின்" என்றான் அவன் தயங்கித் தயங்கி, "இதுதான் கடைசி."

சோபாவில் சாய்ந்திருந்த ஓரின், சுட்ட மாதிரி எழுந்து நின்றான்.

"கடைசியா?"

"இது ஒண்ணுதான் இருக்கு. புதுசா வரவழைச்சா ஆகஸ்ட் ஆயிடும்."

ஓரின் மெல்லக் கீழே இறங்கினான். படகைச் சுற்றி வந்தான். "வேற யாருக்காவது வேணும்னா எடுத்துக்கட்டும்."

"சேச்சே, நீதான் முதல்ல வந்தே."

"இல்ல இல்ல. நான் எடுத்தா நல்லாவா இருக்கும்? வெண்டல், இதுல பாதி..." பாதியில் நிறுத்தினான்.

வெண்டல் அதைச் சிரிக்காமல் யோசித்தான். இதுதான் அந்த ஊர். "அறுக்க முடியாது, முழுகிடும். மோட்டாரை விட்டுட்டு எடுத்துக்கறியா? அப்ப முழுசா எடுத்ததா ஆகாது."

"மோட்டார் இல்லாம என்னத்த ஓட்டறது? மேல கூரைத்துணி இருக்கே, அத விட்டுடறேன்."

"அப்ப கூரைத்துணி கடைசியாயிடுமே. அத யாரு எடுப்பா?"

இரண்டு பெரிய மனுஷர்களும் படகைப் பார்த்துக்கொண்டு, சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள். ஆர்டிஸ் கடைக்குள் போய், காபி மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கி லவானுக்குப் போன் போட்டாள்.

"அடியே, வெண்டல் கடையில ஒரே ஒரு படகு கிடக்கு. எடுக்கறதுக்கு இந்த மாவட்டத்துலயே ஆள் இல்ல."

"ஒருத்தர் இருக்காரு" என்றாள் லவான். "படகு வாங்கினா மனுஷன் எந்த அரிசோனாவுக்கும் போகமாட்டாரு. இரு, செருப்ப மாட்டச் சொல்றேன்."

டெல்மர் வந்தான். அண்ணனைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "ஒண்ணுதான் இருக்கா?"

"ஒண்ணுதான்" என்றான் வெண்டல், குற்றவாளி போல.

"சரி, எடுத்துக்கறேன். தண்ணில இறக்கு."

ஓரின் தொண்டையைச் செருமினான். "ம். வித்தியாசமா இருக்கு" என்றான். அந்தப் பக்கத்தில் அதைவிடக் கேவலமான வசவு கிடையாது. டெல்மர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

படகு சரிவில் இறங்கி ஏரியில் மிதந்தது. லவான் ஏறிக்கொண்டாள். டெல்மர் மோட்டாரில் கைவைத்தபடி கரையைப் பார்த்தான். "வர்றீங்களா?"

"இல்ல இல்ல" என்றான் ஓரின். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சரி" என்று டெல்மர் மோட்டாரைக் கிளப்பினான்.

ஆர்டிஸ் பதறிப்போனாள். அந்த ஊரில் முதல் கேள்விக்கு வேண்டாம் என்பார்கள். இரண்டாவதற்கும் வேண்டாம். மூன்றாவது தடவை கேட்டால், அவ்வளவு சொல்றீங்கன்னா என்று எழுந்திருப்பார்கள். இது தொட்டில் குழந்தைக்கும் தெரியும். தெரியாதவன் இந்த ஒருத்தன்தான்!

"நான் வர்றேன்" என்றாள் ஆர்டிஸ்.

முதல் தடவையிலேயே! வெண்டல் வாயைப் பிளந்தான். அவள் பாவாடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் காலை வைத்துப் படகில் ஏறி, லவானின் தோளைக் கட்டிக்கொண்டாள். கரையில் ஓரின் தனியாக, கையில் காலிக் காபிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தான். அதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

"திருப்புடா, டெல்மர். அவரையும் கூப்பிடு."

"அவந்தான் வேண்டாம்னுட்டானே. வேண்டாம்னு சொன்னவன எப்படிக் கூப்பிடறது? அன்னைக்கும் இப்படித்தான் ஆச்சு. அம்மா காரியம் முடிஞ்சு நாலு நாள் கழிச்சு வந்தேன். தப்பாயிடுச்சுண்ணே, சாப்பிட வீட்டுக்கு வான்னேன். பரவாயில்ல, இருக்கட்டும்னான். அதோட போயிட்டேன்."

ஆர்டிஸ் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். "வீட்டுக்கு வந்தியா? கூப்பிட்டியா? ஒரே ஒரு தடவையா?"

"எத்தனை தடவை கூப்பிடுவாங்க?"

"திருப்புடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஏரியிலிருந்த வாத்துகள் எழும்பிப் பறந்தன.

படகு வட்டமடித்துக் கரைக்கு வந்தது. "வர்றியாண்ணே?" என்றான் டெல்மர் முறைப்பாக.

"அட, இருக்கட்டும். ஷூ நனையும்."

டெல்மர் மறுபடி மோட்டாரை முடுக்கப் போக, ஆர்டிஸ் ஒரு பக்கமும் லவான் ஒரு பக்கமும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "இன்னொரு தடவை" என்றாள் லவான். "செத்தாலும் பரவாயில்ல, இன்னொரு தடவை கேளு."

டெல்மர் ஆகாயத்தைப் பார்த்தான். "டேய் ஓரின், வந்து தொலைடா!"

"அவ்வளவு சொல்றேன்னா..." என்று சொல்லி முடிப்பதற்குள் ஓரின் தண்ணீரில் இறங்கிவிட்டான். ஷூவோடு, தொடைவரை, பனி உருகிய தண்ணீரில். கம்பியைப் பிடித்து ஏற முடியாமல் தொங்கினான். டெல்மர் குனிந்து அவன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து மேலே இழுத்தான்.

பல் கிட்ட, சோபாவில் விழுந்த ஓரின், தம்பியின் சட்டையைப் பிடித்த கையை விடவில்லை.

"மூணு மாசம் ஜன்னல்கிட்டயே உட்கார்ந்திருந்தேண்டா" என்றான். "ரெண்டாவது தடவை நீ வருவேன்னு."