சந்தியில் கழித்த பெட்டி

கார்த்திகை பதினேழாம் திகதி தொடக்கம் கொக்குவிலில் சுவர்ணாவின் வீட்டுக் கிணற்றுக்குள் தொலைக்காட்சி நாடகம் தெரிந்தது. மாலை ஆறரைக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடியும், விளம்பரம் கிடையாது. தண்ணீர் அள்ளினால் வாளிக்குள்ளும் கதாநாயகி அழுதுகொண்டே மேலே வருவாள். ஒழுங்கைச் சனம் பிளாஸ்டிக் கதிரைகளோடு வந்து கிணற்றடியில் கூடியது. சிலர் நல்லூரானின் அருள் என்றார்கள், சிலர் கைத்தொலைபேசிக் கோபுரத்தின் வேலை என்றார்கள். பரிசோதனைக்கென்று போத்தலில் தண்ணீர் பிடித்துப் போனவர் வழியெல்லாம் நாடகத்தைப் பார்த்துக்கொண்டு போய், போத்தலைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

காரணம் சுவர்ணாவுக்குத் தெரியும். தெரிந்தும் அது எப்படியென்று விளங்கவில்லை. ஆவணியில் அவளுடைய பழைய தொலைக்காட்சிப் பெட்டி பழுதாய்ப் போனது. பழைய இரும்பு எடுப்பவர் செம்புக்கம்பியை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தை வேண்டாமென்றார். குப்பை அள்ளும் உழவு இயந்திரமும் நிற்காமல் போனது. அவள் பெட்டியைச் சந்தியில் வைத்து, பக்கத்தில் ஒரு நீற்றுப்பூசணிக்காயைப் பிளந்து குங்குமம் தடவி, நாலு தேசிக்காயும் வெட்டிப் போட்டாள். கண்ணூறு போகக் கழிப்புக் கழித்த சாமானை யார் தொடுவார்கள், யார் வைத்ததென்று யார் கேட்பார்கள்? இந்தக் கெட்டித்தனம் ஒழுங்கைக்கே பிடித்துப்போனது. ஐப்பசிக்குள் கணினிகளும் ஊதிப்போன பற்றரிகளும் கூடை கூடையாய்க் கைத்தொலைபேசிகளும் தேசிக்காயோடு அங்கே குவிந்தன. பிறகு மழை பிடித்தது. யாழ்ப்பாணத்து நிலம் சல்லடை மாதிரி, மேலே ஊற்றுவது கிணற்றுக்கு வந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பிரசாந்தி ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. குடிக்க நாளுக்கு இரண்டு குடம் சுவர்ணாவின் கிணற்றில்தான் அள்ளுவாள். அள்ளாதே என்றால் ஏன் என்று கேட்பாள். வெட்கம் சுவர்ணாவின் வாயைக் கட்டிப்போட்டது. எட்டு நாள் அப்படியே போனது.

"பிரசாந்தி, இந்தத் தண்ணி வேண்டாம் பிள்ளை. சந்தியிலை முதல் பெட்டி வைச்சது நான்தான்."

"தெரியும் அக்கா. எங்கடை கொம்பியூட்டரும் அதிலைதான் கிடக்கு."

"பிறகேன் இதைக் குடிக்கிறாய்?"

"எங்கடை கிணத்திலை செய்தியெல்லே ஓடுது. அதுக்கு நாடகம் பரவாயில்லை," என்று பிரசாந்தி குடத்தை இடுப்பில் வைத்தாள்.

அன்றிலிருந்து சுவர்ணா போத்தல் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். பிந்திவிட்டது. மாசியில் பெண்பிள்ளை பிறந்தது. நல்ல நிறை, நல்ல வடிவு. வாயைத் திறந்து அழுதது, சத்தம் வரவில்லை. சத்தம் சந்தியில், குவியலுக்குள்ளிருந்து வந்தது. தொண்டையில் பிழையில்லை என்றார்கள் வைத்தியர்கள். சுவர்ணாவின் குசினி சந்திப் பக்கம். கேட்டவுடன் அவள் மதிலுக்கு மேலால், "பிள்ளைக்குப் பசிக்குது," என்பாள். பிரசாந்தி பால் கொடுப்பாள். தான் செய்தது பாவமா, செய்வது உதவியா என்று சுவர்ணாவுக்கு விளங்கவேயில்லை.

சித்திரையில் பத்திரிகையில் குவியலின் படம் வந்தபிறகு, அதை அள்ள இரண்டு உழவு இயந்திரங்கள் வந்தன. முதல் கணினியைத் தூக்கியதும் உள்ளிருந்து வந்த அழுகை பாதியில் நின்றது. சுவர்ணா ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"வைச்சிட்டுப் போங்கோ தம்பிமார். அது எங்கடை பிள்ளையின்ரை குரல்."

வைத்துவிட்டுப் போனார்கள். மழை வந்தால் வீட்டுக்கொருவர் முறைவைத்துக் குவியல் நனையாமல் தறப்பாள் போடுகிறார்கள். பிள்ளை இப்போது அம்மா என்று சொல்லப் பழகியிருக்கிறாள். சந்தியால் சைக்கிளில் போகும் பெண்கள் எல்லோரும் குவியலுக்குள்ளிருந்து வரும் அந்தக் குரலுக்கு, "ஓம் பிள்ளை," என்று பதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.