பவளக்குப்பத்துக் கட்டுமரத்தில் மூன்று வெட்டு

சகாயம்மாளுக்குத் தன் சொந்த ஊரைப் பற்றி அதுவரை தெரியாமலிருந்த பல சங்கதிகளை வக்கீல் பங்காரு நாயுடு எழுதிய புத்தகம்தான் தெரிவித்தது. அவள் பிறந்த பவளக்குப்பம் கடலோரத்து ஊர். வாக்கப்பட்டு வந்து கருவாடு விற்பது திருச்சிக் கடைவீதியில். வக்கீலின் குமாஸ்தா மருதை நெத்திலி வாங்க வரும்போதெல்லாம் அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்துக் காட்டுவான்.

"கேளுக்கா. 'மாலை வேளைகளில் பவளக்குப்பத்து மாந்தர் ஒல்லாந்தர் கோட்டை வாசலில் அமர்ந்து, கடலின் எழிலில் உள்ளம் பறிகொடுத்து மௌனமாயிருப்பர்.'"

"காத்து திரும்புதான்னு பாத்துக்கிட்டு இருப்பாங்கப்பா. திரும்பலைன்னா மறுநாள் உலை ஏறாது. பேச்சு எங்கேருந்து வரும்?"

"'அங்குள்ள பரங்கியர் கல்லறைகளை ஊரார் கண்போல் பேணி வருகின்றனர்.'"

"பேணாம? நெத்திலி காயப்போட அவ்வளவு வழவழன்னு கல்லு வேற எங்க கிடைக்கும்? நாய் எட்டாத உயரம் வேற."

"'கரை நெடுகிலும் விறகு அடுக்கி வைத்திருக்கின்றனர். இவர்தம் முன்னெச்சரிக்கை மெச்சத்தக்கது.'"

இதற்கு மட்டும் சகாயம்மாள் யோசித்தாள். "எங்க ஊர்ல ஏது விறகு? சவுக்கு மிளாறுக்கே நாலு மைல் நடக்கணும். வேற எந்த ஊரையோ பாத்துட்டு வந்துட்டாரா உங்க ஐயா?"

நாயுடு பார்த்தது பவளக்குப்பத்தைத்தான். காலை ரயிலில் போய், பயணிகள் தங்கும் முசாபரி பங்களாவில் உப்புமா சாப்பிட்டு, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கடற்கரையில் அரை மணி நேரம் குடைபிடித்து நடந்து, மாலை ரயிலில் திரும்பிவிட்டார். அந்த அரை மணியிலிருந்து அறுபத்து நாலு பக்கம் விளைந்தது. புத்தகத்திலிருந்து ஒரு சபை முளைத்தது. 'கடலோர நாகரிக ஆராய்ச்சி சபை' என்று ஸ்ரீரங்கத்தில் ஒரு போர்டு தொங்கியது. சபையிலிருந்து ராவ் சாகிப் பட்டம் பழுக்கும் என்று நாயுடு காத்திருந்தார். அது 1937-ம் வருஷம். காத்திருக்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள்.

மார்கழியில் நாயுடு ஒரு சொற்பொழிவுக்கும் அதன் முடிவில் ஒரு விருந்துக்கும் ஏற்பாடு செய்தார். தலைமை வகிக்க ஜில்லா அதிகாரி ஒருவர் இசைந்திருந்தார். மேடைக்கு முன்னால் ஒரு கட்டுமரம் இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று நாயுடுவுக்குத் தோன்றியது. மருதை கருவாட்டுக் கடைக்கு ஓடிவந்தான்.

சகாயம்மாள் தம்பி சூசைக்குச் சொல்லி அனுப்பினாள். மார்கழி வரைக்கும் கடல் முரண்டு பிடிக்கும். சூசையின் கட்டுமரம் கரையில் சும்மாதான் கிடந்தது. தை பிறந்து கடல் அடங்கினால் அவன் வீட்டில் ஐந்து வயிற்றுக்கும் அது ஒன்றுதான். "உன் வார்த்தைக்காகத் தர்றேன். தை முதல் தேதி அது இங்க இருக்கணும்" என்று சூசை பதில் சொல்லி அனுப்பினான். "இருக்கும்" என்று அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

சொற்பொழிவு அன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு அவள் காவிரிப் பாலத்தைத் தாண்டி நடந்தாள். ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக் கூட்டம் இன்னும் வடியவில்லை. தங்க இடம் கிடைக்காத வெளியூர்க்காரர்கள் சபைக் கூடத்தில் மூட்டை முடிச்சோடு நிறைந்திருந்தார்கள். ஆராய்ச்சியில் ஜனங்களுக்கு இத்தனை ஆர்வமா என்று நாயுடு பூரித்துப்போயிருந்தார். ஒரே ஒரு குறை. மேடைக்கு முன்னால் சிவப்புத் துணி விரித்த இடம் காலியாக இருந்தது.

"உன் தம்பி ஏமாத்திட்டானேம்மா!" என்றார் நாயுடு. "கட்டுமரம் வரவே இல்லை!"

"அனுப்பிட்டானே ஐயா. நேத்தே ஸ்டேஷனுக்கு வந்திருக்கணுமே."

"வந்தது விறகுதான்" என்றான் மருதை. "அஞ்சு கட்டை, ஒரு கயித்து மூட்டை. ஐயாதான் பாத்துட்டு, 'யாரோ பக்தர் விருந்துக்கு அனுப்பியிருக்கார், கொல்லை அடுப்புப் பக்கம் போடு'ன்னாரு."

கரை நெடுக அடுக்கிய விறகு எது என்று சகாயம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. கொல்லைப்புறம் ஓடினாள்.

சமையற்காரன் சின்னையன் கையில் கோடாலியோடு ஒரு கட்டையின்மேல் கால் வைத்து நின்றிருந்தான். கட்டையில் மூன்று வெட்டு விழுந்திருந்தது.

"யோவ், நிறுத்துய்யா! அது படகுய்யா!"

சின்னையன் கட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "ஏம்மா, வெயில்ல வந்தியா? மோர் தரட்டுமா?"

"கரைக்கு வந்ததும் அவுத்துத் தனித்தனியாக் காயப் போடுவோம். கட்டினாத்தான் படகு. எத்தனை வெட்டினே?"

"மூணுதான். நாலாவது வெட்டக் கை வரலை. மீன் கவிச்சி தாங்கலை. இதை எரிச்சா சர்க்கரைப் பொங்கலே கருவாட்டுக் குழம்பா மணக்குமேன்னு நின்னுட்டேன்."

தன் வாழ்நாளில் முதல் தடவையாக, கருவாட்டு நாற்றத்தைக் குறை சொன்ன ஒருவனைச் சகாயம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவள் கட்டைகளைக் கூடத்துக்குள் கொண்டுவரச் சொல்லி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது அதிகாரி வந்து அமர்ந்துவிட்டார், கட்டைகள்தான் கட்டுமரம் என்று மருதை காதோடு சொல்ல, நாயுடு ஆரம்பித்தும்விட்டார். "மகாஜனங்களே! மிக நுட்பமான இக்கலத்தை உங்கள் கண்ணெதிரே கட்டிக் காட்டவேண்டுமென்று நான் விசேஷமாக ஏற்பாடு செய்திருக்கிறேன்..."

அதன்பிறகு அவர் பேசியதை யாரும் கேட்கவில்லை. வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் நடுக்கட்டையை வைத்து, பக்கக் கட்டைகளை அணைத்து, மூக்குப் பக்கம் ஒரு கட்டு, பின்பக்கம் ஒரு கட்டு, காலால் உதைத்துக் கயிற்றை இறுக்கினாள். அஞ்சு விறகும் கால் மணியில் படகாகிவிட்டன. ஒரு ஆந்திரக் கிழவர் மூட்டையிலிருந்து துளசியை எடுத்து அதன்மேல் போட்டார்.

அதிகாரி எழுந்து வந்து குனிந்தார். ஓரக்கட்டையில் கயிற்றை ஒட்டி மூன்று வெட்டும் பளிச்சென்று தெரிந்தன. "மிஸ்டர் நாயுடு, இது என்ன அடையாளம்?"

நாயுடுவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் கிடையாது. "அது அவர்களுடைய குலச் சின்னம். மூன்று அலை. அறுநூறு வருஷமாக இக்குறியில்லாத கலம் கடலில் இறங்குவதில்லை."

அதிகாரி "வெரி இன்டரஸ்டிங்" என்றார். கூடம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் நாயுடுவின் தலைக்கு ஏறியது. "இந்த அரும்பொருளைப் பவளக்குப்பத்து மக்கள் நமது சபைக்கே சாசுவதமாகக் காணிக்கை அளித்துவிட்டார்கள்! இனி இது ஸ்ரீரங்கத்தை விட்டு நகராது!"

மறுபடி கைதட்டல். சகாயம்மாளுக்குச் சூசையின் ஐந்து வயிறும், தை முதல் தேதியும் கண்முன் வந்தன. வக்கீலை மறுத்துப் பேசினால் எடுபடுமா? அதிகாரி எதிரில் கருவாட்டுக்காரி பேச்சு எந்த மூலைக்கு? அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கொல்லை வாசற்படியில் சின்னையன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். கோடாலியைக் கீழே வைக்க மறந்திருந்தான்.

"ஐயா, ஒரு வார்த்தை" என்று அவள் எழுந்தாள். "அந்த மூணு குறியைப் போட்டவரு இங்கதான் இருக்காரு. கூப்பிட்டுக் காட்டட்டுங்களா?"

"இங்கேயா? கூப்பிடு, கூப்பிடு!" என்றார் அதிகாரி.

நாயுடு அவள் பார்த்த திக்கில் பார்த்தார். சின்னையன் பணிவாகக் கோடாலியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான்.

"இப்போ வேண்டாம்" என்றார் நாயுடு, தண்ணீர் குடித்துவிட்டு. "அவர்... கூச்ச சுபாவம்."

"கூச்சமெல்லாம் இல்லீங்க. ஆனா, நாளைக்கு ரயில்ல இந்தக் கட்டுமரம் ஊருக்குப் போகுதுன்னா, நானும் கெளம்பற வேலையைப் பாப்பேன். அவரை எதுக்குத் தொந்தரவு பண்றது?"

நாயுடு வக்கீல், வழக்கு எப்போது தோற்றது என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குத் தொழில் தெரிந்தவர். "மகாஜனங்களே, காணிக்கை என்றது மனத்தளவில். கலம் கடலுக்கே சொந்தம். நாளை ரயிலில் நானே நின்று ஏற்றிவிடுவேன்!" அன்றைக்கு விழுந்ததிலேயே பலத்த கைதட்டல் இதற்குத்தான்.

கைதட்டல் ஓய்வதற்குள் சகாயம்மாள் கட்டுகளை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டுமேம்மா!" என்று நாயுடு கெஞ்சினார்.

"முழுசா இருந்தா ரயில் பெட்டிக்குள்ள போகாதுங்க" என்றாள் அவள், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே.

அன்றிரவு அவள் ஸ்ரீரங்கத்திலேயே தங்கினாள். மறுநாள் காலையில் கட்டைகளை ரயிலில் ஏற்றும்போது ஐந்தையும் இரண்டு தடவை எண்ணினாள்.

புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் மூன்று அலைச் சின்னம் அட்டையிலேயே ஏறிவிட்டது. ராவ் சாகிப் பட்டம் இன்னும் ஏறவில்லை. மாசி மாதம் சூசையிடமிருந்து கடிதம் வந்தது. மருதைதான் வாசித்தான்.

"'அக்காவுக்கு. கட்டுமரம் தைக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. வஞ்சிரம் நல்ல பாடு, வலை நிறைகிறது. ஓரக்கட்டையில் யாரோ மூன்று வெட்டு வெட்டியிருக்கிறார்கள். முதலில் கோபம் வந்தது. இப்போது பார்த்தால் கயிறு அதில் உட்கார்ந்து நழுவாமல் நிற்கிறது. தங்கள் கட்டைகளுக்கும் அதே மாதிரி வேண்டும் என்று பக்கத்து ஆட்களும் கேட்கிறார்கள். வெட்டினவர் கெட்டிக்காரர். கோடையில் அவரை இங்கே அனுப்பி வைக்க முடியுமா?'"

"ஐயாகிட்ட சொல்லட்டுமாக்கா?" என்றான் மருதை.

"வேண்டாம்பா" என்றாள் சகாயம்மாள், நெத்திலியை நிறுத்துக்கொண்டே. "சின்னையன்கிட்ட மட்டும் சொல்லு. கோடாலியைத் தீட்டி வச்சுக்கட்டும்."