எழுத்தாளரும் மனைவியும், ஜன்னலோரம்

ஸெலிக்குக் கழுத்து முறிந்துவிடும் போலிருந்தது. சாப்பிட்ட கையோடு நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். மடியில் புருஷனின் கிழிந்த காலுறை, கையில் ஊசி, குனிந்த தலை. கல்யாணத்துக்கு முன்னால் பாரிஸின் பாதி வக்கீல்களுடைய சட்டைகளை நின்றபடியே இஸ்திரி போட்ட உடம்பு அது. சும்மா உட்கார்ந்தாலும் இந்த வலி வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

"மதாம், தலையை அப்படியே வையுங்க," என்றான் ஓவியன் பர்னபே.

"வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். கழட்டி மேஜைமேல வைக்கவா?"

கணப்பு அருகே சாய்ந்து நிற்கவேண்டிய அவள் புருஷன் உர்சேன் நிற்கவில்லை. படம் அவன் ஆசை. வசந்தகாலக் கண்காட்சியில் படம் தொங்கும்போது அவனுடைய நாவலும் வெளிவரும். ஆனால் முதலில் வாய் நகரும், பின்னாலேயே கால் நகரும், கொஞ்ச நேரத்தில் ஆள் அலமாரிப் பக்கம் இருப்பான்.

"ஒரு இடத்துல நில்லேன்யா. நான் இஸ்திரி போட்ட கடைப் பூனைக்கு உன்னைவிடப் பொறுமை உண்டு."

"சிந்தனை ஓடுது ஸெலி. நான் நின்னா அதுவும் நின்னுடும்."

"நிக்கட்டும். வீடாவது அமைதியா இருக்கும்."

பர்னபே சிரித்துக்கொண்டே தூரிகையை ஓட்டினான். அவன் வழக்கம் அது: கண்முன் தெரிவதை மட்டும், தெரிகிற வேகத்திலேயே தீட்டுவான். எதிர்வீட்டுப் புகைபோக்கிக்குப் பின்னால் சூரியன் போனால் பெட்டியை மூடிவிடுவான். ஞாபகத்திலிருந்து ஒரு பொத்தான்கூட வரையமாட்டான்.

அன்று சூரியன் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் படத்தைத் திருப்பிக் காட்டினான்.

ஸெலி மூச்சை இழுத்துக்கொண்டாள். அவளேதான். சிவந்த முன்கைகள், வெயிலில் மின்னும் கலைந்த முடி, நூலைக் கடிக்கிற பல். பக்கத்தில் ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு பிடி தாடி, அதற்கு மேலே இழுத்துத் தேய்த்த பழுப்பு.

"டேய், என் முகம் எங்கடா?" என்றான் உர்சேன்.

"நீ நின்ன நேரத்துக்கு அவ்வளவுதான் கிடைச்சது."

"கரிமூட்டை மாதிரி இருக்கேன்!"

"கரிமூட்டை வச்ச இடத்துல இருக்கும்," என்றாள் ஸெலி.

உர்சேன் படத்தை முன்னும் பின்னும் போய்ப் பார்த்தான். "பார்க்கிறவன் கண்ணெல்லாம் இவகிட்டப் போகுது. இவளை மறைச்சு ஒரு புத்தக அலமாரி போட்டுடு."

"இல்லாத அலமாரியை நான் போடமாட்டேன். மதாம் எழுந்து போகட்டும். அங்க என்ன தெரியுதோ அதைப் போடறேன்."

"அவ்வளவுதானே? எழுந்திரு ஸெலி. போய் சூப்பைப் பாரு."

ஸெலி எழுந்திருக்கவில்லை. அந்த நாவல் முழுக்க அவள் சாப்பாட்டு மேஜையில் சொன்ன கதை. அதில் அவள் எங்கும் இல்லை. இங்கே ஒரு நாற்காலி அளவுக்கு இருக்கிறாள். ஊசியில் நூலைக் கோத்தாள்.

"மாட்டேன்."

"விளையாடாதே. வெளிச்சம் போகுது."

"போகட்டும். துவைக்கிற இடத்துல நடந்த சண்டையைக் கேட்ட, கொடுத்தேன். எங்க அக்கா குடிச்சிட்டு அழுததைக் கேட்ட, கொடுத்தேன். பேரு போடுன்னு கேட்டேனா? இந்த நாற்காலியைக் கேக்காதே."

உர்சேன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. கணப்பில் கைவைத்து அப்படியே நின்றான்.

"அசையாதே! இதுதான், இதுதான்!" என்று பர்னபே கத்திக்கொண்டு தூரிகையைத் தோய்த்தான்.

தூரிகை படத்தைத் தொடுமுன் சூரியன் புகைபோக்கிக்குப் பின்னால் போனது. பர்னபே தூரிகையைத் துடைத்தான்.

அந்த வாரம் முழுக்க மழை. மழை விட்டபோது ஜன்னலுக்கு வெளியே மரம் தளிர்த்து, அறையெல்லாம் பச்சை வெளிச்சம். "இது வேற வெளிச்சம். அந்த வெளிச்சம் இனி அடுத்த மார்ச்லதான்," என்று சொல்லிவிட்டான் பர்னபே. படம் அப்படியே கண்காட்சிக்குப் போனது.

பர்னபே உர்சேனுக்கு இன்னும் ஒரு முகம் பாக்கி.